சின்ன வயசு சர்ச் பாட்டு… இப்போ கேட்டா ஏன் கண்ணும் கலங்குது, கோபமும் வருது?

பஸ் திண்டிவனம் தாண்டி செஞ்சிப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. பாறைகளை அள்ளிக் கொட்டியது போன்ற மலைகள் ஜன்னலில் தெரிய ஆரம்பித்துவிட்டன. ஹெட்போனில் ஏதோ ஒரு பிளேலிஸ்ட். அல்காரிதம் என்ன நினைத்ததோ, திடீரென்று பதினைந்து வருஷத்துக்கு முந்தைய ஒரு ஆராதனைப் பாட்டு. முதல் கீபோர்டு ஸ்வரத்திலேயே உங்கள் விரல் தொடையில் தாளம் போடுகிறது. அடுத்த வரி என்னவென்று யோசிக்கவே வேண்டாம், வாய் தானாக முணுமுணுக்கிறது. அப்புறம்தான் உறைக்கிறது… கடைசியாக சர்ச்சுக்குப் போய் நாலு வருஷம் ஆகிவிட்டது. அந்தப் பாட்டு சொல்வதில் பாதியை இப்போது நீங்கள் நம்புவதும் இல்லை.

பிறகு ஏன் தொண்டை அடைக்கிறது?

90-களின் கடைசியிலும் 2000-களிலும் தமிழ்நாட்டின் கிறிஸ்தவ வீடுகளில் வளர்ந்த ஒரு தலைமுறையே இந்தக் கேள்வியோடு சுற்றிக்கொண்டிருக்கிறது. சிலர் நம்பிக்கையை விட்டுவிட்டார்கள். சிலர் சபையை மட்டும் விட்டார்கள். சிலர் இன்னும் ஞாயிறு தவறாமல் போகிறார்கள், ஆனால் பாட்டு வரும்போது மட்டும் வாயை மூடிக்கொள்கிறார்கள். நீங்கள் இதில் எந்த வகை என்பது உங்கள் விஷயம். அந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது, உங்களுக்குள் என்ன செய்தது என்பதை மட்டும் இங்கே பார்ப்போம்.

செஞ்சியில் ஆரம்பித்ததற்குக் காரணம் உண்டு. செஞ்சிக்கு வடக்கே சில கிலோமீட்டரில் சிங்கவரம். பாறையைக் குடைந்த பல்லவர் காலக் கோயிலில் ரங்கநாதர் படுத்திருக்கிறார், ஒரே பாறையில், அறை கொள்ளாத நீளத்துக்கு. ராஜா தேசிங்கு 1714-ல் போருக்குக் கிளம்பும்முன் இவரிடம் உத்தரவு கேட்டானாம். சாமி வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டதாம். கேட்காமல் போனான், செத்தான். ஊர் அவனை மறக்கவில்லை, கதைப்பாட்டாகப் பாடி வைத்துக்கொண்டது. அந்தப் பாட்டில் அவனோடு கடைசிவரை நிற்கும் உயிர் நண்பன் ஒரு முஸ்லிம், மகமத்கான். பக்கத்திலேயே திருநாதர்குன்று, 24 தீர்த்தங்கரர்கள் செதுக்கிய சமணப் பாறை. சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாமல் இருந்து உயிர்விட்ட செய்தி அங்கே கல்வெட்டாக இருக்கிறது. (மைக்செட் இல்லாத உபவாசம். நம் சபைகளின் உபவாச ஜெபத்தை நினைத்தால் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.) 1853-ல் தொடங்கிய அமெரிக்க ஆற்காடு மிஷன் இந்தத் திண்டிவனம், செஞ்சி வட்டாரத்திலும் வேலை செய்தது. அந்தச் சபைகள் 1947-க்குப் பிறகு சி.எஸ்.ஐ.க்குள் வந்தன.

ஆக, ஒரே சின்ன வட்டாரத்தில் பல சமயங்களின் சத்தம். ஆனால் நீங்கள் வளர்ந்த வீட்டில் 'நம்ம பாட்டு', 'உலகப் பாட்டு' என்று ரெண்டே ரெண்டு வகைதான். இளையராஜா, ரஹ்மான், பக்கத்துத் தெரு அம்மன் கூழ் ஊற்றும் பாட்டு எல்லாம் இரண்டாவது வகை. காதில் விழலாம், வாயில் வரக்கூடாது.

கலிஃபோர்னியா கடற்கரையில் ஆரம்பித்த கதை

நீங்கள் பாடிய பாட்டின் ஒரு வேர் அமெரிக்காவில் இருக்கிறது. 1960-களின் கடைசி. நீள முடி, கிட்டார், கலிஃபோர்னியாவின் ஹிப்பி இளைஞர்கள். அவர்களில் ஒரு கூட்டம் இயேசு பக்கம் திரும்பியது. ஆனால் பழைய ஆர்கன் பாட்டு அவர்களுக்கு ஒத்துவரவில்லை. தங்களுக்குத் தெரிந்த ராக் இசையிலேயே பாட ஆரம்பித்தார்கள். லாரி நார்மன் 1969-ல் வெளியிட்ட 'அபான் திஸ் ராக்' ஆல்பத்தை இந்த வகையின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றாகச் சொல்வார்கள். 1971-ல் மாரநாதா மியூசிக் கம்பெனி வந்தது. 1978-ல் 'கன்டெம்பரரி கிறிஸ்டியன் மியூசிக்' என்ற பெயரிலேயே ஒரு பத்திரிகை வந்தது. சுருக்கமாக சி.சி.எம். 1991-ல் எமி கிரான்ட்டின் 'பேபி பேபி' பில்போர்டு பட்டியலில் முதலிடத்துக்கே போனது.

இடையில் ஒரு மாற்றம் நடந்தது. கலகமாக ஆரம்பித்தது, பெற்றோரின் பாதுகாப்பு வேலியாக மாறியது. 'பிள்ளைகள் பாப் கேட்டுக் கெட்டுப்போகக் கூடாது, ஆனால் பாப் மாதிரி ஏதாவது கொடுத்தே ஆகவேண்டும்' என்ற சந்தைக்கு சரக்கு தயாரிக்கும் தொழிலாக வளர்ந்தது. அப்புறம் ஆஸ்திரேலியாவின் ஹில்சாங் சபை வந்தது. டார்லின் செக் 1993-ல் எழுதிய 'ஷவுட் டு தி லார்ட்' உலகம் முழுக்கப் போனது. மேடைப் பாட்டு போய், கூட்டமே சேர்ந்து பாடும் ஆராதனைப் பாட்டு தலையெடுத்தது. ட்ரம்ஸ், ஸ்மோக் மெஷின், கண்ணை மூடி ஒரு கையை உயர்த்திய பாடகர்… அந்த போஸ்டர் உங்கள் ஊர் கன்வென்ஷன் வரை வந்து சேர்ந்தது.

2023-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் ஒரு கணக்கு எடுத்தார்கள். 2010 முதல் 2020 வரை முன்னணிப் பட்டியல்களுக்கு வந்த 38 ஆராதனைப் பாடல்களில் 36 பாடல்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சில பெரிய சபைகளோடு தொடர்புள்ளவை. பெத்தேல், ஹில்சாங், பேஷன், எலிவேஷன் போன்ற பெயர்கள். 'ஆவியானவர் கொடுத்த பாட்டு' என்று நாம் நினைத்தது ஒருபக்கம் இருக்கட்டும். எந்தப் பாட்டு உங்கள் சபை வரை வரும் என்பதில் விநியோக நெட்வொர்க்குக்கும் கை இருந்தது.

நம்ம ஊர் ரூட் வேற

ஆனால் தமிழ்ப் பாட்டின் கதையை இதோடு முடித்துவிட்டால் அது பாதிக் கதைதான். 'வெள்ளைக்காரன் பாட்டை மொழிபெயர்த்துப் பாடுறாங்க' என்று கல்லூரி நண்பர்கள் கிண்டல் செய்யும்போது சொல்ல உங்களிடம் ஒரு பதில் இருக்கிறது.

1706-ல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்க் காலத்தில் நடந்தது அதுதான்: ஜெர்மன் மெட்டு, தமிழ் வார்த்தை. அந்த வழியில் வந்ததுதான் 'பாமாலை'. ஆனால் 1774-ல் பாளையங்கோட்டையில் பிறந்த ஒரு பையன் ஆட்டத்தையே மாற்றினான். பெயர் வேதநாயகம். பின்னால் வேதநாயகம் சாஸ்திரியார். ஸ்வார்ட்ஸ் பாதிரியார் அவரை 12 வயதில் தஞ்சாவூருக்கு அழைத்துப்போனார். பின்னாளில் தஞ்சை மன்னரான சரபோஜி அவரோடு படித்தவர். 1800-ல் சாஸ்திரியார் எழுதியது 'பெத்லகேம் குறவஞ்சி'. குறவஞ்சி என்பது அன்றைக்கு மேடையில் ஓடிக்கொண்டிருந்த ஜனரஞ்சக வடிவம், இன்றைய பாஷையில் டிரெண்டிங். குறத்தி குறி சொல்லும் அந்த நாடகத்துக்குள் அவர் பெத்லகேமைக் கொண்டுவந்தார். போகிற போக்கில் கோபர்நிக்கஸின் வானியலையும் உள்ளே நுழைத்தார்!

அதாவது, பாட்டி 'இதுதான் நிஜமான பக்திப் பாட்டு, இப்ப பாடுறதெல்லாம் டிஸ்கோ' என்று சொல்லும் அந்தக் கீர்த்தனைகளும் ஒரு காலத்தில் சி.சி.எம்.தான்.

சண்டையும் அப்போதே உண்டு. 1820-களின் கடைசியில் புதிதாக வந்த மிஷனரிகள் சபையில் சில மாற்றங்களைக் கொண்டுவந்தார்கள். சாஸ்திரியாரும் அவருடைய கூட்டாளிகளும் 1829 வாக்கில் எழுத்து மூலமாகவே எதிர்த்தார்கள். அவர்களின் புகார்கள் நாலு. வேதாகமத் தமிழை மாற்றுகிறார்கள். எல்லா சாதியையும் ஒன்றாக உட்காரச் சொல்கிறார்கள். விசேஷங்களில் பூ கூடாது என்கிறார்கள். தமிழ்ப் பாட்டையும் இசையையும் ஆராதனையிலிருந்து எடுக்கிறார்கள்.

இரண்டாவது புகாரை இன்னொரு முறை படியுங்கள். தமிழிசைக்காக மிஷனரிகளோடு மோதிய அதே கை, சாதி வரிசையைக் காப்பாற்றவும் எழுதியது. இந்த இடத்தில் எனக்கு எப்போதும் சங்கடமாக இருக்கும். சாஸ்திரியாரின் தமிழ் எவ்வளவு அழகோ, அவ்வளவு உறுத்தல் அந்தப் பக்கம். இரண்டையும் சேர்த்துத்தான் அவரைப் படிக்க முடிகிறது.

அப்புறம் வேகமாகச் சொல்லிவிடலாம். 1853-ல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். கிராமத்து சர்ச்சுகளில் 'லிரிக்ஸ்' என்று இன்றும் சொல்கிறோமே, அந்தப் பெயர் வந்த வழி அது. 1917-ல் ஆபிரகாம் பண்டிதர் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெரிய இசை ஆராய்ச்சி நூலையே வெளியிட்டார். இருபதாம் நூற்றாண்டில் பெந்தெகொஸ்தே சபைகளின் கைத்தட்டல் பாட்டு வந்தது. சகோதரி சாராள் நவரோஜி போன்றவர்கள் எழுதிப் பாடினார்கள். கேசட் வந்தது. முன்பு கத்தோலிக்கக் குருவாக இருந்த பெர்க்மான்ஸின் 'ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்' வரிசை வந்தது. எளிய வார்த்தை, ஒருமுறை கேட்டால் ஒட்டிக்கொள்ளும் மெட்டு. கீர்த்தனைக்கு ராகம் தெரிந்த ஒருவர் வேண்டும். இதற்குக் கைகள் இருந்தால் போதும். இன்று கெர்சன் எடின்பரோ, பென்னி ஜோசுவா, கிஃப்ட்சன் துரை என்று யூடியூபில் அந்த வரிசை நீள்கிறது. பாட்டுப் புத்தகம் போய் ஆப், ஆப் போய் ரீல்ஸ்.

ஒரு வேடிக்கை. சினிமாப் பாட்டு பாவம் என்று உங்களுக்குச் சொன்ன அதே கேசட்டுகளில் எஸ்.பி.பி.யும் யேசுதாஸும் பாடியிருப்பார்கள். கோடம்பாக்கம் ஸ்டுடியோக்களில் வயலினும் கிட்டாரும் கீபோர்டும் வாசித்தவர்களில் நிறைய பேர் சர்ச்சில் விரல் பழகியவர்கள். நம் வீட்டில்தான் நடுவில் பெரிய சுவர் இருந்தது, ஸ்டுடியோவில் அது இல்லவே இல்லை.

அந்த நாலு கார்டு

சரி, தொண்டை அடைத்த விஷயத்துக்கு வருவோம்.

கீபோர்டு தெரிந்த நண்பனிடம் சி, ஜி, ஏ மைனர், எஃப் என்ற நாலு கார்டுகளை வரிசையாக வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பாடிய கோரஸ்களில் பத்துக்கு நாலைந்தாவது அதன்மேல் உட்காரும். அதே நாலு கார்டில் காதல் பாட்டும் உட்காரும், சோப்பு விளம்பரமும் உட்காரும். ஏ மைனர் வரும் இடத்தில் லேசாக ஒரு சோகம். எஃப் வந்து அதைத் தாங்கிப் பிடிக்கும். மறுபடி சி-க்கு வரும்போது வீடு வந்து சேர்ந்த நிம்மதி. விழுவது, தாங்கப்படுவது, வீட்டுக்கு வருவது… பாட்டின் வார்த்தைகள் சொல்லும் கதையையே கார்டுகளும் சொல்கின்றன.

அடுத்தது ஏற்றம். முதல் சரணத்தில் கீபோர்டு மட்டும். கோரஸில் பேஸ் கிட்டார். நடுவில் 'பிரிட்ஜ்' என்ற சின்னப் பகுதி, ரெண்டே வரி, அதையே எட்டு முறை, பத்து முறை. ஒவ்வொரு சுற்றிலும் ட்ரம்ஸ் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். திடீரென்று எல்லா வாத்தியமும் நின்று, கூட்டத்தின் குரல் மட்டும் தனியாகக் கேட்கும். அந்த இடத்தில்தான் உங்களுக்குப் புல்லரித்தது. மான்ட்ரியலில் 2011-ல் வந்த ஒரு மூளை ஆய்வு, பிடித்த இசையின் உச்சம் வரும்போது மட்டுமல்ல, அதை எதிர்பார்த்துக் காத்திருக்கும்போதும் டோபமைன் சுரக்கிறது என்று காட்டியது. அந்தக் காத்திருப்பைத்தான் பிரிட்ஜ் நீட்டிக்கொண்டே போகிறது. ஜெபம் நடக்கும்போது பின்னால் மெல்ல ஒலிக்கும் கீபோர்டும் சும்மா இல்லை. அது நின்றுவிட்டால் சபையே கண்ணைத் திறந்துவிடும்.

சேர்ந்து பாடுவதற்கு இன்னொரு பலன் உண்டு. 2015-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் பாட்டு வகுப்புகளையும், கைவினை, எழுத்து வகுப்புகளையும் மாதக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பாடிய கூட்டம் மற்றவர்களைவிட சீக்கிரம் ஒட்டிக்கொண்டது. மே மாத லீவில் வி.பி.எஸ். போன பத்தே நாளில், பெயர்கூட சரியாகத் தெரியாத பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் உயிர் நண்பர்கள் ஆனார்களே… ஆக்‌ஷன் சாங்ஸின் வேலை அது.

இதையெல்லாம் முதல்முறை தெரிந்துகொள்ளும்போது பலருக்குக் கோபம் வரும். 'அப்போ எனக்கு அழுகை வந்தது அபிஷேகம் இல்லையா, கீபோர்டுக்காரர் பார்த்த வேலையா?' இந்தக் கோபம் நியாயமானது, முக்கியமாக அந்த அழுகையைக் காட்டி உங்களை ஏதாவது ஒப்புக்கொள்ளவோ, பணம் கொடுக்கவோ, வாழ்க்கை முடிவு எடுக்கவோ வைத்திருந்தால். பதினாறு வயதில் இசையின் உச்சத்தில் கை தூக்கி 'ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்த' எத்தனையோ பேர், அந்த வாக்கை மீறிவிட்டோமே என்ற குற்ற உணர்ச்சியோடு முப்பதிலும் இருக்கிறார்கள். ஆனால் ஒன்று. நாதஸ்வரத்தில் மல்லாரி கேட்டு நெஞ்சு நிமிர்வதும் இதே உடம்பின் வேலைதான். அழுகை நிஜம். அந்த அழுகைக்கு மேடையில் நின்றவர் சொன்ன அர்த்தத்தைத்தான் நீங்கள் இப்போது திரும்ப விசாரிக்கிறீர்கள்.

வீட்டில் யாரும் இல்லாத அந்தச் சாயங்காலம்

எல்லாப் பாட்டும் ஆறுதல் பாட்டு இல்லை. 'வருகை' பாட்டுகள் ஞாபகம் இருக்கிறதா?

ஸ்கூல் விட்டு வருகிறீர்கள். கதவு திறந்திருக்கிறது. அடுப்பில் பால். அம்மா இல்லை, பாட்டி இல்லை, தங்கச்சியும் இல்லை. ஒரு நொடியில் வயிறு சில்லிட்டுப்போகிறது. 'வருகை வந்துவிட்டது, எல்லாரையும் எடுத்துக்கொண்டார், நான் மட்டும் கைவிடப்பட்டேன்.' அம்மா குழாயடியில் குடத்தோடு நின்றுகொண்டிருப்பார். ஆனால் அந்த இரண்டு நிமிஷம் உங்களுக்கு எட்டு வயது. போன வாரம் ரப்பர் திருடியது நினைவுக்கு வருகிறது.

இதைச் சொன்னால் மற்றவர்கள் சிரிப்பார்கள். இப்படி வளர்ந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். அமெரிக்காவிலும் இதே கதைதான். லாரி நார்மனின் 1969 ஆல்பத்திலேயே கைவிடப்படுவதைப் பற்றிய ஒரு பாட்டு இருக்கிறது. 1972-ல் வந்த 'எ தீஃப் இன் தி நைட்' என்ற படத்தில் அதே பாட்டு ஒலித்தது. தேவாலயங்களில் திரையிடப்பட்ட அந்தப் படம் ஒரு தலைமுறைக் குழந்தைகளையே பயமுறுத்தியது. நம் ஊரில் படம் வேண்டியிருக்கவில்லை, பாட்டும் சண்டே ஸ்கூல் சார்ட்டும் போதுமானதாக இருந்தது.

அந்தப் பயம் வளர்ந்த பிறகும் வேறு வேஷத்தில் வரும். மெசேஜுக்கு பதில் வராவிட்டால், துணை அரைமணி நேரம் லேட்டாக வந்தால், 'விட்டுட்டுப் போய்ட்டாங்க' என்று முதலில் தோன்றும். உங்களுக்கு இப்படி இருந்தால், அந்த வகைப் பாட்டுகளைப் பிளேலிஸ்ட்டிலிருந்து எடுத்துவிடுவதில் எந்த துரோகமும் இல்லை. தூக்கம் கெடும் அளவுக்கு இருந்தால் ஒரு மனநல ஆலோசகரிடம் 'சின்ன வயசு மத பயம்' என்று வெளிப்படையாகவே சொல்லுங்கள். அவர்களுக்கு இது புதுசாக இருக்காது.

'பாய்ஃப்ரெண்ட்' விமர்சனமும் ஆண்டாளும்

இங்கிலீஷ் வீடியோக்களில் சி.சி.எம். பற்றி அடிக்கடி வரும் ஒரு கிண்டல், 'ஜீசஸ் இஸ் மை பாய்ஃப்ரெண்ட்' பாட்டுகள் என்பது. இயேசு என்ற பெயரை எடுத்துவிட்டால் காதல் பாட்டுதானே என்பார்கள். அமெரிக்கர்கள் சொன்னதை அப்படியே இங்கே இறக்கி, தமிழ் ஆராதனைப் பாட்டையும் அதே குச்சியால் அடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

நீங்கள் இருப்பது சிங்கவரம் பக்கம். படுத்திருக்கும் ரங்கநாதரைப் பாடிய மொழி இது. ஆண்டாள் அவரையே மணாளனாக நினைத்துப் பாடினாள். நம்மாழ்வார் தன்னைப் பெண்ணாக வைத்து ஏங்கினார். மாணிக்கவாசகரின் திருக்கோவையார் வடிவத்தில் முழுக்க அகப்பாட்டு. தெய்வத்தைக் காதலிப்பது தமிழுக்கு ஆயிரம் வருஷத்துக்கு மேலாகப் பழக்கப்பட்ட விஷயம். எனவே காதல் தொனி இருப்பது பிரச்னை இல்லை. என் புகார் வேறு. ஆண்டாளின் காதலில் ஊடல் உண்டு, கோபம் உண்டு, 'வரவில்லையே' என்ற ஏமாற்றம் உண்டு. நம் புதிய பாட்டுகள் பலவற்றில் அது கிடையாது. எல்லாம் கிடைத்துவிட்டது, எல்லாம் மாறிவிட்டது, கடன் தீர்ந்தது, கதவு திறந்தது. கடன் தீராத வீட்டில் உட்கார்ந்து அதைப் பாடுபவர், தன் விசுவாசத்தில்தான் ஓட்டை என்று நினைத்துக்கொள்வார். இத்தனைக்கும் பைபிளின் சங்கீதப் புத்தகமே புலம்பல்களால் நிறைந்தது.

இன்னொன்றும் கவனியுங்கள். பக்தி இலக்கியம் தெய்வத்தை 'நீ' என்று கூப்பிடும். கிறிஸ்தவப் பாட்டு 'நீர்', 'உம்மை' என்று கூப்பிடும். திருநெல்வேலிப் பக்கம் பேச்சில் 'நீரு' உண்டு. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் யாரையாவது 'நீர்' என்று அழைத்துப் பாருங்கள், திரும்பிப் பார்ப்பார்கள். வாழ்நாளில் ஒரே ஒருவரிடம் மட்டும் நீங்கள் பயன்படுத்திய பிரதிப்பெயர் அது. அந்தச் சொல் காதில் விழுந்ததும் சின்ன வயது திரும்பி வருவதில் ஆச்சரியம் இல்லை.

பறை எங்கே போச்சு?

1829 புகாருக்கு ஒரு பதில் நூற்றைம்பது வருஷத்துக்குப் பிறகு மதுரையில் கிடைத்தது. ஜேம்ஸ் தியோபிலஸ் அப்பாவு (1940–2005), அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியர். பாட்டு எழுதும்போது 'பரட்டை அண்ணன்'. கர்நாடக மெட்டுக் கீர்த்தனை உயர்சாதிக் கிறிஸ்தவர்களின் ரசனையைச் சுமக்கிறது, மேற்கத்திய பாட்டு வெள்ளைக்காரர் ரசனையைச் சுமக்கிறது. சபையில் பெரும்பான்மையாக இருக்கும் தலித் கிராமத்து மக்களின் இசை எங்கே என்று அவர் கேட்டார். நாட்டுப்புற மெட்டில், பேச்சுத் தமிழில், கிராமிய வழிபாட்டு முறையையே அமைத்தார். பாட்டோடு சேர்த்து, எல்லாரும் ஒரே உலையில் பொங்கிச் சாப்பிடுவதையும் வற்புறுத்தினார். அமெரிக்க இசை ஆய்வாளர் ஸோயி ஷெரினியன் அவரைப் பற்றி 2014-ல் ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார்.

அப்பாவுக்கு நாட்டுப்புறப் பாட்டு பிடித்ததற்கு முக்கியமான காரணம், அதை யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்பது. ஒரு சரணம் பிடிக்கவில்லையா, நடவு நடும் அக்கா தானே புதிதாக ஒன்றைக் கட்டிக்கொள்வார். ஸ்டுடியோவில் முடித்து, லிரிக் வீடியோவில் ஒட்டி வரும் பாட்டில் உங்களுக்கு அந்த உரிமை இல்லை. மறுபரிசீலனை செய்கிறவர்களுக்கு இது பெரிய விஷயம். வரி இடறினால் விட்டுவிட்டுப் பாடலாம், மாற்றிப் பாடலாம். அதற்கு நம் ஊரிலேயே முன்னோடி உண்டு.

பாடினவர் மேலேயே புகார் வந்தால்?

2019-ல் ஹில்சாங்கின் பாடலாசிரியர் மார்ட்டி சாம்ப்சன், தன் நம்பிக்கை ஆட்டம் கண்டிருப்பதாக வெளிப்படையாக எழுதினார். 2020-ல் ஹாக் நெல்சன் இசைக்குழுவின் பாடகர் ஜான் ஸ்டைன்கார்ட், தனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்றே அறிவித்தார். 2022-ல் ஹில்சாங்கின் நிறுவனர் பிரையன் ஹூஸ்டன், இரு பெண்களிடம் நடந்துகொண்ட விதம் பற்றிய புகார்களுக்குப் பின் பதவி விலகினார். முதல் இரண்டும் மூன்றாவதும் ஒரே வகை இல்லை. சந்தேகப்படுவது குற்றம் அல்ல. அடுத்தவர்மேல் கை வைப்பது குற்றம். சபைகளில் பல சமயம் முதல் வகைக்கு அதிக கோபமும் இரண்டாவதற்கு அதிக மன்னிப்பும் கிடைப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

2025-ல் தமிழ்நாட்டைச் சேர்ந்த, இளைஞர்களிடம் பிரபலமான ஒரு பாடகர்-போதகர் போக்சோ வழக்கில் கைதானார். குற்றச்சாட்டு குற்றச்சாட்டுதான், தீர்ப்பு சொல்வது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் அவருடைய பாட்டை நேற்றுவரை பாடிய பிள்ளைகளுக்கு அன்றைக்கே ஒரு கேள்வி வந்தது: இனி இதைப் பாடலாமா? 'பாட்டு வேற, ஆள் வேற' என்பது வாசகனுக்கும் ரசிகனுக்கும் சுலபமான பதில். பாதிக்கப்பட்டதாகச் சொல்லும் பிள்ளை அதே சபை வரிசையில் உட்கார்ந்திருந்தால் அந்தப் பதில் நிற்காது. வீட்டில் தனியாகக் கேட்பது உங்கள் இஷ்டம். மேடையில், மைக்கில், மற்றவர்களையும் சேர்த்துப் பாடவைப்பது வேறு கணக்கு. நீங்கள் இன்னும் ஆராதனைக் குழுவில் இருந்தால் பாட்டுப் பட்டியலைத் தீர்மானிக்கும்முன் இதைப் பேசுங்கள். 'ஊழியக்காரரைப் பேசாதே' என்று வாயை மூடினால், யாரைக் காப்பாற்ற அது சொல்லப்படுகிறது என்று கேளுங்கள்.

அம்மாவின் ரிங்டோன்

கடைசியில் இது எல்லாமே வீட்டில்தான் வந்து நிற்கும். அம்மாவின் ரிங்டோன் அந்தப் பாட்டு. காலை ஐந்தரைக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் அந்தப் பாட்டு. கார் ஏறினால் புளூடூத்தில் அதுதான். 'நான் இதையெல்லாம் இப்ப நம்புறதில்லம்மா' என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள், சொல்ல முடியாதவர்கள் அதைவிட அதிகம். தாத்தா இறந்த ராத்திரி வீட்டு வாசலில் பெஞ்ச் போட்டு விடியவிடியப் பாடுவார்களே, அங்கே உங்களை இரண்டாம் குரல் எடுக்கச் சொல்வார்கள். உங்களுக்கு அது வரும். நம்பிக்கை இல்லாமல் பாடினால் பொய்யா? என் கருத்தில் இல்லை. அங்கே நீங்கள் விசுவாச அறிக்கை படிக்கவில்லை, தாத்தாவை வழியனுப்புகிறீர்கள். முடியவில்லை என்றால் டீ கொடுக்கும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். சாவு வீட்டில் அதுவும் பெரிய உதவி, யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

இந்த முறை ஊருக்குப் போகும்போது ஒன்று செய்யலாம். பழைய பைபிளுக்கு அடியிலோ, பீரோவின் சேலைத் தட்டிலோ பாட்டியின் பாட்டு நோட்டு இருக்கும். இங்க் ஊறிய கோடு போட்ட நோட்டு. சபையில் கேட்டது, கன்வென்ஷனில் கேட்டது, ரேடியோவில் கேட்டது எல்லாம் கையெழுத்தில். பாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாக போட்டோ எடுங்கள். எந்தப் பாட்டை எப்போது எழுதினார் என்று கேளுங்கள், வாய்ஸ் ரெக்கார்டர் ஓடட்டும். கல்யாணம் ஆன வருஷம், குழந்தை தவறின வருஷம், தாத்தா வேலை போன வருஷம் என்று பதில் வரும்.

சில பக்கங்களின் தலையில், ராகத்தின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில், 'இந்தப் பாட்டு மெட்டு' என்று வேறொரு பாட்டின் முதல் வார்த்தை சின்னதாக எழுதியிருக்கும். அதை நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். அதில் ஒன்றிரண்டு சினிமாப் பாட்டாக இருக்கும். பாட்டியிடம் காட்டினால், 'அது சும்மா ஞாபகத்துக்கு எழுதினது' என்பார்.